பெட்டி டவரும் படகு டவரும்

திருவொற்றியூர் ஐஸ் பேக்டரியின் பின்புறத் திடலில் அந்தப் பங்குனி சித்திரையில் இரண்டு டவர்கள் அருகருகே எழும்பின. ஒன்று சீமையிலிருந்து பெட்டி பெட்டியாகக் கப்பலேறி வந்தது. மற்றது ராயபுரம் கலீலுல்லா மேஸ்திரியின் மண்டையிலிருந்து வந்தது. எது ஜெயிக்கும் என்று காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் டீக்கடைக்கு டீக்கடை வாதம். டவர் என்றால் தின்பதா உடுப்பதா என்று தெரியாதவர்கள்கூட ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டார்கள்.

அந்தத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஐஸ் செய்கிற மிஷினுக்கு உடம்பு கொதிக்கும். ஊருக்கெல்லாம் குளிர்ச்சி கொடுக்கிறவன்தான் உள்ளே வெந்து சாகவேண்டும் என்பது எங்கேயும் உள்ள நியாயம்தானே. மிஷினின் குழாய்கள்மேல் தண்ணீரை ஓடவிட்டால் சூடு தண்ணீருக்கு ஏறிவிடும். அந்தச் சுடுதண்ணீரைக் கொட்டிவிட முடியாது. திருவொற்றியூரில் நல்ல தண்ணீருக்குப் படுகிற பாடு அப்படி. ஆகவே அதைப் பம்பு வைத்து இருபதடி உயரத்துக்கு ஏற்றி, மரச்சட்டங்களை அடுக்கடுக்காகப் பொருத்திய ஒரு கூண்டின் வழியாகச் சொட்டச் சொட்ட இறக்குவார்கள். பக்கவாட்டில் புகுந்து போகிற காற்று சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். கீழே தொட்டியில் சேரும்போது தண்ணீர் ஆறியிருக்கும், மறுபடி மிஷினுக்குப் போகும். அந்தக் கூண்டுதான் டவர். அதற்கு விசிறி கிடையாது, மோட்டார் கிடையாது. கடவுள் விட்ட காற்றுதான் எல்லாம்.

1954ஆம் வருஷம் அது. பேக்டரியை இரண்டு பங்காகப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்கள். மொத்தம் ஆறு டவர்கள் தேவை. பாரிமுனையில் இருந்த முதலாளிமார்களுக்குச் சீமைச் சாமான்மேல்தான் கண். மானேஜர் ரகுபதிக்கு மட்டும் ஒரு சந்தேகம்: மரம் இங்கே கிடைக்கிறது, தச்சன் இங்கே இருக்கிறான், இதற்குக் கப்பல் எதற்கு? அதனால் அவர் ஓர் ஏற்பாடு செய்தார். பெட்டியில் வருவது ஒன்று, இங்கேயே கட்டுவது ஒன்று. இரண்டுக்கும் ஒரே பம்பிலிருந்து சுடுதண்ணீர். எது அதிகமாக ஆற்றுகிறதோ, பாக்கி நாலும் அந்த ஜாதி.

அந்த நாலுக்காகத்தான் கலீலுல்லா துறைமுகப் பட்டறை வேலையையே விட்டுவிட்டு வந்தான். பதினேழு வருஷம் சரக்குப் படகுகளுக்குப் பலகை வைத்த கை அது. தன்னோடு பன்னிரண்டு பேரையும் கிளப்பிக்கொண்டு வந்திருந்தான். நாலு டவர் கிடைத்தால், கட்டுகிற வேலையும் பராமரிக்கிற வேலையுமாக எல்லோருக்கும் இரண்டு வருஷம் ஒரே இடத்தில் வேலை. கிடைக்காவிட்டால், பட்டறையில் அவர்கள் விட்ட இடங்களுக்கு மறுநாளே வேறு ஆள் எடுத்தாகிவிட்டது. அவன் மனைவி சாபிரா அன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: தோற்றால் அந்தப் பன்னிரண்டு வீட்டுப் பெண்களுக்கும் யார் பதில் சொல்வது? சிரித்து மழுப்பிவிட்டான்.

பம்பு ஓடும் இடத்தில் பேச்சு காதில் விழாது. படகுத் தச்சர்களுக்குக் கைஜாடை பழக்கம். வேலை தொடங்கிய நாளில் கலீலுல்லா சாரத்தின்மேல் ஏறி நின்று, கட்டைவிரலை மடக்கி நாலு விரலைத் தூக்கிக் காட்டினான். கீழே பன்னிரண்டு பேரும் பதிலுக்கு நாலு விரல் காட்டினார்கள். அதிலிருந்து தினமும் காலையில் அதுதான் அவர்களுக்குச் சலாம்.

பெட்டி டவருக்குப் பொறுப்பு சுப்புராயன். சீமைக் கம்பெனியின் ஏஜெண்டு ஆபீசில் இன்ஜினீயர். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு படாமல் வேலை வாங்குவார். அறுநூற்றுப் பதினாலு துண்டுகள். ஒவ்வொன்றிலும் எழுத்தும் நம்பரும் பொறித்திருந்தது. படத்தைப் பார்த்து ஏ ஏழைப் பி பன்னிரண்டில் செருகு என்பார். செருகினால் கச்சிதமாக உட்காரும். சிமெண்டுத் தளம் போட்டு, படத்தில் சொன்னபடி நீளப்பக்கம் நேர்கிழக்காகக் கடலைப் பார்க்க நிறுத்தி, அடியில் போல்ட்டு முடுக்கிவிட்டார். பதினோரு நாள். கடைசியில் ஒரு துண்டு மிஞ்சவும் இல்லை, குறையவும் இல்லை.

கலீலுல்லாவின் ஆட்கள் கேலி பண்ணிப் பார்த்தார்கள். பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைக்கவே நமக்கு ஆறு மாதம் ஆகிறது, அவன் கட்டைக்கெல்லாம் பெயர் வைத்து அனுப்பியிருக்கிறானே என்றார்கள். ஆனால் தனியாக இருக்கும்போது கலீலுல்லா அந்தப் பொருத்துகளைத் தடவிப் பார்த்தான். நல்ல வேலை. பொய் சொல்லக் கூடாது, மிக நல்ல வேலை. அதனால்தான் அவனுக்கு வெறி ஏறியது.

அவனுக்கு நாற்பது நாள் பிடித்தது. பர்மாத் தேக்கில் சட்டம், அதற்குள் வரிசை வரிசையாக மெல்லிய மரப்பட்டிகள். கீழே தொட்டி கட்டக் கொத்தனார் வேண்டும், சிமெண்டு காயவேண்டும் என்று மானேஜர் சொன்னபோது, எதற்கு என்று கேட்டுவிட்டான். முப்பதடி நீளம், பத்தடி அகலத்தில் தட்டை அடிப் படகு ஒன்றைக் கட்டினான். பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக் குங்கிலியம் காய்ச்சி ஊற்றினான். அந்தப் படகின் நடுவிலே நீளவாக்கில் டவரை நிறுத்தினான். படகு என்றால் தண்ணீர்மேல் மிதக்கவேண்டும், இவன் படகுக்குள் தண்ணீரை மிதக்கவிடுகிறானே என்று பேக்டரியே சிரித்தது. வெளியே இருக்கிற தண்ணீரை உள்ளே விடாமல் கட்டத் தெரிந்தவனுக்கு, உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியே விடாமல் கட்டத் தெரியாதா என்று கேட்டான் அவன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அன்றிலிருந்து அதற்குப் பெயர் படகு டவர்.

படகைக் கடலைப் பார்த்து எப்படி வைப்பார்களோ அப்படித்தான் அதை வைத்தான். குறுகலான முனை கிழக்கே. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? காற்றுக்கு விலாவைக் காட்டுகிற படகு உருப்படுமா? அவன் யோசிக்கவில்லை, அவன் ஆட்களில் ஒருவனும் யோசிக்கவில்லை.

கத்திரி தொடங்கிய புதன்கிழமை முதல் சோதனை. அளவு எடுக்கிறவள் ஐரீன். பேக்டரிச் சோதனைச்சாலையில் வேலை, ராயபுரத்து ஆங்கிலோ இந்தியப் பெண். யார் கட்சியிலும் இல்லாத ஒரே ஆள் அவள்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். பாரன்ஹீட் கணக்கில் நூற்றிரண்டு டிகிரியில் மேலே போகிற தண்ணீர் கீழே தொண்ணூறுக்குள் வந்தால் மிஷினுக்கு நிம்மதி. மூன்று மணிக்கு நல்ல கடற்காற்றில் அவள் இரண்டு தொட்டியிலும் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தாள். பெட்டி டவர் தொண்ணூற்றொன்று. படகு டவர் தொண்ணூற்றைந்து.

திரும்பவும் பார்க்கச் சொன்னான் கலீலுல்லா. திரும்பவும் தொண்ணூற்றைந்து. மானேஜர் மோவாயைத் தடவினார். நாளை ஒன்றிலிருந்து மூன்று வரை கால்மணிக்கு ஒரு தரம் அளவு எடுப்போம், அதோடு முடிவு, சனிக்கிழமை பாரிமுனைக்குக் கடிதம் போய்விடும் என்றார். சாரத்துக்குக் கீழே பன்னிரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் தயங்கித் தயங்கி நாலு விரலைத் தூக்கினான். கலீலுல்லாவுக்குக் கை எழவில்லை.

கப்பல் கவிழ்ந்தவன்போல் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு ராயபுரம் கரையில் போய் உட்கார்ந்தான். வெயில் இறங்குகிற நேரம். மனசுக்குள் ஒவ்வொரு சட்டமாகக் கழற்றிப் பார்த்தான். பட்டி சரி. இடைவெளி சரி. தண்ணீர் பரவுவது சரி. பின்னே எங்கே கோளாறு? சாபிராவின் கேள்வி வேறு காதுக்குள் குடைந்தது. அந்தப் பன்னிரண்டு வீட்டிலும் இந்நேரம் விஷயம் தெரிந்திருக்கும்.

எதிரே நாலு சரக்குப் படகுகள் நங்கூரத்தில் நின்றன. நாலும் கிழக்கே மூஞ்சியைக் காட்டிக்கொண்டு நின்றன. காற்று ஊளையிட்டது. அவன் வேட்டி படபடத்தது, பக்கத்தில் உலர்ந்த வலை எழும்பிப் பறந்தது. அந்தப் படகுகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. காற்று இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

கலீலுல்லா எழுந்து நின்றுவிட்டான். வழுக்கிக்கொண்டு போய்விட்டது! படகுக்கு அதுதான் வேண்டும். டவருக்கு அதுதான் கூடாது. காற்றைப் பிடித்து உள்ளே விடவேண்டிய கூண்டை, காற்றுக்குத் தப்பிக்கிற மாதிரி நிறுத்திவைத்திருக்கிறான். பதினேழு வருஷத்துக் கைப்பழக்கம் காலை வாரிவிட்டது. தன் தலையில் தானே நாலு போட்டுக்கொண்டான். அடுத்த நிமிஷமே சிரிப்பும் பொங்கி வந்தது. கட்டியதில் தப்பில்லை, நிறுத்தியதில்தான் தப்பு. டவர் நிற்பதோ படகின்மேல். படகை இழுக்கலாம்!

குப்பத்துக்கு ஓடினான். மங்கம்மா அங்கே மீன்காரிகளுக்கெல்லாம் தலைவி மாதிரி. அவள் புருஷன் குமாரவேல் கட்டுமரக்காரன். காற்றைப் பற்றி அவன் சொன்னால் குப்பத்தில் மறுபேச்சு கிடையாது. வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த மங்கம்மா, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். நாளைக் காலையில் நாற்பது ஆள் வேண்டும், டவரைத் திருப்பவேண்டும் என்றான்.

"காத்து உள்ள வரணும்னு ஒண்ண கட்டிட்டு, அத்த காத்துக்கு ஒளிச்சி வச்சிகிறியா பாய்? நல்லா கீது போ உன் மேஸ்திரி வேலை."

"சிரிச்சிக்கமே. எவ்ளோ ஓணும்னாலும் சிரிச்சிக்க. ஆளு மட்டும் குடு."

அவள் சிரித்து முடிக்க நேரம் பிடித்தது. பிறகு முகம் மாறியது. மூன்று வருஷமாகக் கத்திரி வந்தால் அவள் பிழைப்பு நாறிவிடுகிறது. மிஷின் சூடாகிவிட்டது, மிஷின் நின்றுவிட்டது என்று ஐஸ் பத்து மணிக்குத்தான் வரும்; அதற்குள் வஞ்சிரம் கண் வெளுத்துவிடும். எந்த டவர் ஜெயித்தாலும் அவளுக்கு ஒன்றுதான். ஆனால் இரண்டும் தொண்ணூறுக்கு மேல் நிற்கிறது என்றால் இந்த வருஷமும் அதே கதி. அவள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்: கட்டுமரம் கரையேறினதும் ஒருவனும் வீட்டுக்குப் போகக் கூடாது, கயிற்றை எடுத்துக்கொண்டு நேரே திருவொற்றியூர். குமாரவேல் கஞ்சியிலிருந்து தலையைத் தூக்காமலே சரி என்றான்.

வீட்டில் சாபிரா முழுக்கதையையும் கேட்டாள். தப்பு தன்மேல்தான் என்று அவன் வாயால் அவள் கேட்பது அதுதான் முதல் தரம் போலிருக்கிறது. ஆட்களிடம் இதைச் சொன்னீர்களா என்று கேட்டாள். இல்லை என்றான். முதலில் அவர்களிடம் சொல்லுங்கள், அப்புறம் கயிற்றைத் தொடுங்கள் என்றாள்.

மறுநாள் காலையில் சொன்னான். ஆட்களை வரிசையாக நிறுத்திவைத்து, நீங்கள் கட்டியது சரி, நான் நிறுத்தியதுதான் தப்பு என்றான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாங்களும் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம் மேஸ்திரி என்றான் ஒருவன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மானேஜர் கேட்டதும் திகைத்துப்போனார். நின்றிருக்கிற டவரைத் திருப்புவதா? சுப்புராயனைப் பார்த்தார். சுப்புராயன் நினைத்திருந்தால் அங்கேயே முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மனுஷன் இன்ஜினீயர். அவர் கண்ணில் சின்னப்பிள்ளை ஆசை தெரிந்தது. திருப்பட்டும் சார், எனக்கே பார்க்கவேண்டும்போல் இருக்கிறது என்றார். ஒரு மணிக்குச் சுடுதண்ணீர் ஓடவேண்டும், ஓடாவிட்டால் தோற்றதாகக் கணக்கு என்று சொல்லிவிட்டார் மானேஜர்.

ஒன்பது மணிக்குக் குப்பமே வந்து இறங்கிவிட்டது. நாற்பது கேட்டான், எழுபது பேர் வந்தார்கள். கூடவே மங்கம்மாவின் மீன்காரிகள் இருபது பேர், வேடிக்கை பார்க்க என்று சொல்லிக்கொண்டு. பேக்டரிப் பிட்டர் ரஷீது குழாய்களைக் கழற்றினான். தொட்டித் தண்ணீரை வடித்தார்கள். படகின் அடியில் கடப்பாறை போட்டு நெம்பி, சவுக்கு உருளைகளும் வாழைத்தண்டுகளும் செருகினார்கள். இருபதடி டவர் சாய்ந்துவிடாமல் இருக்க உச்சியிலிருந்து நாலு மூலைக்கும் நாலு கயிறு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆள். முன்மூக்கில் ஒரு வடம், பின்மூக்கில் ஒரு வடம். ஒன்று வடக்கே இழுக்கவேண்டும், ஒன்று தெற்கே.

"இஸ்து வுடு!" என்று கத்தினான் குமாரவேல். ஐலசா கிளம்பியது.

முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு தேக்கு முனகியது. பிறகு அந்தப் பெரிய டவர் ஒரு சாண் நகர்ந்தது. பேக்டரி ஜன்னல்களில் எல்லாம் தலைகள். பாய்லர் ஆள் வேலையை விட்டு வந்து நின்றான். மானேஜர் அவனைத் திட்ட மறந்துபோனார். இன்னொரு சாண். ஒரு முழம். வாழைத்தண்டு நசுங்கிச் சாறு வழிந்தது. சாற்றில் வழுக்கிக்கொண்டு படகு திரும்பத் தொடங்கியது. கலீலுல்லா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஓடிக் கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது. அவனுக்கு வந்த சந்தோஷத்தில் தரையில் கால் பாவவில்லை.

பாதி திரும்பியிருக்கும். தெற்கு மூலையில் ஓர் உருளை மணலில் புதைந்தது. டவர் சட்டென்று சாய்ந்தது. உச்சிக் கயிறு விண்ணென்று இழுத்துக்கொள்ள, ஐந்து பேர் தரையோடு தரையாகத் தேய்ந்துகொண்டு போனார்கள். வேடிக்கை பார்க்க வந்த மீன்காரிகள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பாய்ந்து அந்தக் கயிற்றில் தொங்கினார்கள். டவர் அப்படியே நின்றது, யோசித்தது, மெள்ள நிமிர்ந்தது. அடியில் ஒரு பலகை இடுக்கில் பஞ்சு பிதுங்கியிருந்ததைத் தவிர வேறு சேதம் இல்லை. இரண்டு பேர் உளியும் குங்கிலியச் சட்டியுமாக அதன்மேல் விழுந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்குக் குமாரவேல் கையைத் தூக்கினான். போதும், இப்படியே இருக்கட்டும் என்றான்.

கலீலுல்லா பார்த்தான். டவர் கோணலாக நின்றது. கால் வட்டம் முழுசாகத் திரும்பவில்லை. கிழக்கையும் பார்க்காமல், தெற்கையும் பார்க்காமல், கள்ளுக்கடையிலிருந்து வந்தவன் வழி தெரியாமல் நிற்கிற மாதிரி நின்றது. பக்கத்தில் சுப்புராயனின் டவர் நூல் பிடித்தாற்போல் நேர்கிழக்கே பார்த்தது. மூலைமட்டம் வைத்தே வாழ்ந்தவன் கண்ணுக்கு அந்தக் கோணல் முள்ளாகக் குத்தியது. இன்னும் ஆறு முழம் இழுத்து நேராக்கு என்றான்.

"நேரா நிறுத்தி இன்னா பண்ணப் போறே மாமு? காலைலே கடல்ல நீரு வடக்கால ஓடிச்சி. இன்னிக்கு கடக்காத்து நேர் கெழக்குலேர்ந்து வராது. தெக்கால சாஞ்சி வரும். நான் சொல்றேன், வுடு."

முதல்நாள்தான் ஒரு பழக்கத்தை நம்பிக் கெட்டவன். இன்னொரு பழக்கத்தையும் விடச் சொன்னால் எப்படி இருக்கும்? கலீலுல்லா கோணலான டவரைப் பார்த்தான். குமாரவேலைப் பார்த்தான். சுவரோரம் நின்ற தன் பன்னிரண்டு பேரையும் பார்த்தான். மனசைக் கல்லாக்கிக்கொண்டு, விட்டேன் என்று சொன்னான். ஆப்பு அடித்தார்கள். ரஷீது ரப்பர் ஹோஸ் வைத்துக் குழாயைச் சேர்த்தான். ஒரு மணி அடிக்கும்போது படகு டவரின் உச்சியிலிருந்து சுடுதண்ணீர் கொட்டியது.

ஆனால் காற்று இல்லை.

ஓர் இலை அசையவில்லை. காலையில் அடித்த கரைக்காற்று நின்றுவிட்டது, கடற்காற்று இன்னும் கிளம்பவில்லை. ஐரீன் குடையைப் பிடித்துக்கொண்டு அளவு எடுத்தாள். பெட்டி தொண்ணூற்றேழு. படகு தொண்ணூற்றேழு. ஒன்றேகாலுக்கும் அதுவே. ஒன்றரைக்கும் அதுவே. இரண்டு டவரும் கத்திரி வெயிலில் ஆவி விட்டுக்கொண்டு நின்றன. இரண்டும் சமம் என்றால் முதலாளிமார்கள் எதை எடுப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு மணிக்கு மானேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கலீலுல்லா, அல்லாவே, மூன்று மணிக்குள் ஒரு மூச்சு விடு, ஒரே ஒரு மூச்சு என்று கேட்டுக்கொண்டான்.

குமாரவேல் மதில்மேல் ஏறிக் குந்தியிருந்தான். இரண்டேகாலுக்கு அளவு எடுத்தபிறகும் அவன் கடலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திடீரென்று எழுந்து நின்றான். தூரத்தில், தென்கிழக்கே, வெளுத்துக் கிடந்த கடலில் ஒரு கருங்கோடு விழுந்திருந்தது. கையை நீட்டிக் காட்டினான். குப்பத்து ஆட்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள்.

முதலில் மதிலோரத்துப் பூவரசு சிலிர்த்தது. அடுத்தது மங்கம்மாவின் முந்தானை. அப்புறம் வந்தது பார், புழுதியை வாரிக்கொண்டு, கதவுகளை அறைந்துகொண்டு, தென்கிழக்கிலிருந்து ஓர் அடி! கோணலாக நின்ற படகு டவரின் முழு விலாவிலும் நேராக மோதிற்று. நேராக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. காற்று இந்தப் பக்கம் புகுந்து, சட்டம் சட்டமாகத் தண்ணீரைப் பிய்த்துக்கொண்டு அந்தப் பக்கம் வெளியே வந்தது. அங்கே நின்றிருந்த மீன்காரிகள் சாரலில் தொப்பலாக நனைந்து, நகர மாட்டோம் என்று நின்றார்கள். கலீலுல்லா ஓடிப்போய் அந்தச் சாரலில் முகத்தைக் கொடுத்தான். தண்ணீர் சில்லென்றிருந்தது. நூற்றிரண்டு டிகிரியில் ஏறிய தண்ணீர்!

இரண்டரைக்குப் பெட்டி தொண்ணூற்று மூன்று, படகு தொண்ணூற்றொன்று. இரண்டே முக்காலுக்குத் தொண்ணூற்றிரண்டு, எண்பத்தொன்பது. சாரத்தில் ஏறி நின்றுவிட்டான் கலீலுல்லா. கீழே நிற்க முடியவில்லை. மூன்று மணிக்கு ஐரீன் படகுத் தொட்டியில் குனிந்தாள், நிமிர்ந்தாள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். பெட்டி தொண்ணூற்றொன்று என்று முதலில் எழுதினாள். அதன் பக்கத்தில் எண்பத்தெட்டு என்று எழுதி, தாளை மானேஜரிடம் நீட்டினாள்.

மானேஜர் சாரத்துக்கு அடியில் வந்து அண்ணாந்து ஏதோ சொன்னார். பம்புச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் சலித்துப்போய், கைவிரலால் காட்டினார். நாலு. இவ்வளவு நாள் அந்தச் சலாமைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கலீலுல்லாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்லவேளை, முகம் ஏற்கனவே நனைந்திருந்தது.

கீழே பன்னிரண்டு பேரும் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கையைத் தூக்கப் போகும்போது ஏணியில் யாரோ ஏறி வருவது தெரிந்தது. சுப்புராயன். வெள்ளைச் சட்டை முழுக்கக் குங்கிலியக் கறை. நெம்புகோல் பிடிக்கிற சாக்கில் காலையிலிருந்தே மனுஷன் கூட்டத்துக்குள் இருந்திருக்கிறார்; ஒருவரும் கவனிக்கவில்லை. அவர் மேலே வந்து, காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னார்:

"மேஸ்திரி, என் டவரைக் கழட்டி மறுபடி மாட்ட எனக்குப் பதினோரு நாள் போதும். தளம்தான் அதைக் காத்துக்குத் திருப்ப விடாம கட்டிப்போட்டிருக்கு. அதுக்கு அடியில ஒரு படகு கட்டிக் குடுப்பீங்களா? மானேஜர் சரின்னுட்டார்."

கலீலுல்லா அவரைப் பார்த்தான். இரண்டு பேரும் எதிரே நின்ற பெட்டி டவரைப் பார்த்தார்கள். நூல் பிடித்தாற்போல் நிற்கிற அந்த அழகான வேலையைத் தொடுவதற்கு அவன் கை நாற்பது நாளாக ஊறிக்கொண்டிருந்தது. நாலோடு அதையும் கட்டிக் கொடுக்கிறேன் சார் என்று அவனும் அவர் காதில் சொன்னான்.

பிறகு விளிம்புக்கு வந்து கையைத் தூக்கினான். நாலு விரல். கீழே பன்னிரண்டு கைகள் பாய்ந்து எழுந்தன. குப்பத்துக் கூட்டம் இரைந்தது. மங்கம்மா ஈரச் சேலையோடு மானேஜரை மறித்துக்கொண்டு, நாளையிலிருந்து ஐஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கலீலுல்லா கையை இறக்கவில்லை. பன்னிரண்டு பேரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று தெரிந்தபிறகு, மடக்கி வைத்திருந்த கட்டைவிரலையும் விரித்தான்.